திருவண்டப்பகுதியில் காண்பான் நிலை

திருவாசகத்துள் மூன்றாவதாக நிற்கும் திருவண்டப்பகுதியைப் போற்றுவார் சிலர், அதன் தொடக்கத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆண்டு வரும் ‘விரிந்தன’ என்னும் ஒரு வினையைக் கொண்டு, 1929-இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட பேரண்ட விரிவினை மணிவாசகர் முன்னரே உணர்ந்தார் என்பர். இதனை யாம் ஏற்கவியலாது. ஹபிள் கண்டது, விண்மீன் மண்டலங்கள் தத்தம் தொலைவிற்கேற்ற விரைவுடன் விலகிச் செல்லும் இயக்கம். அடிகள் கூறுவதோ அண்டங்களின் எண்மிகுதி. அவ்வினைக்குமுன் கோடி என்னும் எண் நிற்றலே அதற்குச் சான்று.

இன்னும் ஆழ்ந்ததொரு வேற்றுமை, காண்பான் நிற்கும் இடத்தில் உளது. வானநூலார் பேரண்டத்தினுள்ளே நின்று நோக்குவர். அதன் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. அக்கால எல்லைக்குள் இங்கு வந்தடையாத ஒளியை எக்கருவியும் காட்டாது. அடிகளின் உவமையோ, இல்லத்துட் புகும் கதிரில் மிதக்கும் நுண்டுகள்போல அண்டங்கள் சிறுத்துத் தோன்றும் காட்சி. அங்ஙனம் தோன்றுதற்கு அவற்றின் புறத்தே ஓரிடம் வேண்டும். அவ்விடத்து நின்று காண்பவர் யார்?

தாம் நின்று கண்டதாக அடிகள் கூறிற்றிலர். ‘தெரியின்’ என்றே கூறினார். செயின் என்னும் வாய்பாட்டு எச்சமாகிய இதனை முன்னதனோடு இயைப்பினும் பின்னதனோடு இயைப்பினும், ஆராய்வார் இன்னார் என்னும் எழுவாய் வெளிப்படுவதில்லை. (பாடஞ் சொல்லுங்கால் இவ்வெச்சத்தை அசைபோலக் கடந்து செல்லும் வழக்கம் எமக்கும் நெடுநாள் இருந்தது.)

182 அடிகொண்ட இவ்வகவலின் இறுதிப் பகுதியில் அவ்வினையடியே மீண்டும் வருகின்றது. இறைவன் தம்மை என் செய்தான் என்பதைத் ‘தெரியேன்’ என்கின்றார் அடிகள். ஈண்டு எழுவாய் ஐயமின்றித் தன்மை ஒருமை. அறியப்பட வேண்டியதும் தம்மிடத்து நிகழ்ந்ததே. அண்டங்களைத் துகளாக்கிக் காட்டிய பாட்டு, பாடுவோன் தன்னை நோக்கியவிடத்து எதிர்மறையாய் முடிகின்றது.

இஃது அடியார்க்குரிய பணிவுரையன்றோ எனின், அன்று என்போம். பணிவிற்கு ‘நாயேன்’ என்னும் சொல் அவ்விடத்தே தனித்துளது. மேலும், அமுதம் மயிர்க்கால்தோறும் தேங்கியதனை அடிகள் நுணுகி உரைக்கின்றார். ஆதலின் அனுபவம் அறியப்படாததன்று. அறியும் கருவியாகிய தாமே மாற்றப்பட்டமையின், அம்மாற்றத்தைப் பிறிதாக நின்று காணுதல் அவர்க்குக் கூடவில்லை. புறத்தே ஓரிடம் அண்டங்களுக்கேனும் உவமையளவில் கிடைத்தது. தமக்கு அதுவும் கிடைத்திலது.

உயிர் தானே அறியாது, உணர்த்தவே உணரும் என்னும் சைவ சித்தாந்தக் கொள்கையைச் சிவஞானபோதத்தினின்றும் கொணர்ந்து ஈண்டு உரையாக ஏற்றுதல் எளிது. பொருத்தமும் ஓரளவு உண்டு. ஆயினும் அந்நூல் 13ஆம் நூற்றாண்டினது, காலத்தாற் பிற்பட்டது. அதன் நடை தெளிந்த அளவைநடை. அகவலின் இப்பகுதியோ தடுமாறிக் குறுகிய தொடர்களாய் உடைகின்றது. ‘தெரியேன்’ என்றவுடன் ‘ஆஆ’ என்னும் இடைச்சொல் எழுவதனைக் கொள்கையுரை எதுவும் விளக்கிற்றாகக் கொள்ளோம்.