ஆக்ரினுக்கு ஏன் ஒரு தோழிகூட இல்லை?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், முதுகலை மாணவிகளுக்கு பஹ்மான் கோபாதியின் ‘ஆமைகளும் பறக்கும்’ படத்தைத் திரையிட்டேன். 2004இல் வந்த படம். ஈராக்–துருக்கி எல்லையோரம் ஒரு அகதி முகாம். அமெரிக்கப் படை நுழைவதற்குச் சற்று முந்தைய நாட்கள். கண்ணிவெடிகளைத் தோண்டியெடுத்து விற்றுப் பிழைக்கும் சிறுவர்கள், அவர்களுக்குத் தலைவனாக ‘சேட்டிலைட்’ என்ற வாயாடிப் பையன். அந்த முகாமுக்கு, கைகளை இழந்த அண்ணனோடும் முதுகில் கட்டிய பார்வையற்ற குழந்தையோடும் வந்துசேர்கிறாள் ஆக்ரின். குழந்தை அவள் தம்பி என்று ஊர் நினைக்கிறது. ஈராக்கிய ராணுவத்தினர் அவளை வன்புணர்ந்ததில் பிறந்த குழந்தை அது. படத்தின் முடிவில் குழந்தையை நீரில் அமிழ்த்திவிட்டு மலை விளிம்பிலிருந்து குதிக்கிறாள்.

விளக்கைப் போட்டதும் யாரும் பேசவில்லை. நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்: அவள் உடல் ஒரு நிலம், அவள்மேல் நிகழ்ந்தது ஒரு இனத்தின்மேல் நிகழ்ந்தது என்று. பல ஆண்டுகளுக்கு முன் சிற்றிதழ் ஒன்றில் ‘ஆக்ரின்தான் குர்திஸ்தான்’ என்றே எழுதியிருந்தேன். அந்த வரியைப் பாராட்டிச் சிலர் கடிதமும் போட்டார்கள். அன்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “மேடம், அந்தப் பசங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமே இருக்கு. அவளுக்கு ஏன் ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல?”

என்னிடம் பதில் இல்லை. போர் அப்படித்தான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போர் சேட்டிலைட்டுக்கும்தான் நடக்கிறது. அவனுக்கு நகைச்சுவை இருக்கிறது, காதல் இருக்கிறது, அடியாட்கள் இருக்கிறார்கள், தவறு செய்யவும் திருந்தவும் நேரம் இருக்கிறது. ஆக்ரினுக்கு இருப்பது துயரம் ஒன்றுதான். அவள் பேசும் வசனங்களை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஒரு பெண் நாடாக மாறிவிட்டால் அவளுக்குத் தோழி தேவைப்படுவதில்லை போலும். அதன்பின் என்னிடமிருந்த குர்திய படங்களையெல்லாம் மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.

குர்திய சினிமா என்று நாம் எதைச் சொல்கிறோம்? துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கும் மக்கள்; தமக்கென ஒரு அரசில்லை, ஆகவே ‘தேசிய சினிமா’ என்று முத்திரை குத்தித்தர ஒரு நிறுவனமும் இல்லை. இங்கே அடையாளத்தின் முதல் சான்று மொழி. அந்த மொழிதான் தண்டிக்கப்பட்டது. துருக்கியில் 1983இல் குர்திய மொழி வெளியீடுகளைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். 1991இல்தான் அது நீங்கியது. யில்மாஸ் கூனே சிறையிலிருந்தபடி எழுதி, ஷெரிஃப் கோரன் இயக்கிய ‘யோல்’ (பாதை), 1982இல் கான் விழாவில் தங்கப் பனையோலையைப் பகிர்ந்துகொண்டது. குர்து மக்களை உலகத்துக்குக் காட்டிய அந்தப் படத்தில் அவர்கள் பேசுவது துருக்கிய மொழி. குர்திய மொழியில் பேசவைத்திருந்தால் நடித்தவர்கள் சிறைக்குப் போயிருப்பார்கள் என்று கூனே சொன்னதுண்டு. துருக்கிக்குள் ‘யோல்’ 1999 வரை தடையில் இருந்தது.

‘யோல்’ படத்தை இன்றும் நான் மதிக்கிறேன். விடுப்பில் வெளிவரும் ஐந்து கைதிகள் வீட்டுக்குப் போய் அங்கே தாமே சிறைக்காவலர் ஆகிவிடுவதை அவ்வளவு கூர்மையாக வேறு யார் காட்டினார்கள்? சைத் அலியின் மனைவி ஸீனே விபசாரத்துக்குப் போனாள் என்று அவள் குடும்பமே அவளைத் தொழுவத்தில் சங்கிலியிட்டு வைத்திருக்கிறது. கணவன் வந்து கொல்லவேண்டும். அவன் அவளைப் பனிவெளியில் நடத்திக் கூட்டிப்போகிறான். அவள் உறைந்து விழும்போது மனம் மாறி, உயிரைத் தக்கவைக்க இடுப்புவாரால் அடித்து எழுப்பப் பார்க்கிறான். காப்பாற்றவும் அவனுக்கு அடிக்கத்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயணம் முழுக்க கேமரா யாருடைய மனப்போராட்டத்தைப் பின்தொடர்கிறது? அவனுடையதை. சாவது அவள், சோதிக்கப்படுவது அவன். ஸீனேயின் கெஞ்சல்கூட அடுத்தவர் மொழியில்தான் நம் காதில் விழுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மொழி திரைக்கு வந்தது. ‘போதையேறிய குதிரைகளின் காலம்’ (2000) குர்திய மொழியில் பேசியது; கான் விழாவில் முதல் படத்துக்கான கேமரா த’ஓர் விருதைப் பகிர்ந்துகொண்டது. பனியில் நடக்கக் கோவேறு கழுதைகளுக்குச் சாராயம் கொடுக்கும் கடத்தல்காரர்களின் எல்லைப்புறம் அது. நோயாளித் தம்பியின் அறுவைச் சிகிச்சைக்காக மூத்தவள் ரோஜின் மணம் முடித்து அனுப்பப்படுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் தம்பியை ஏற்காமல் ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ரோஜின் பனிக்கு அப்பால் போய்விடுகிறாள். கதை கழுதையோடு திரும்பிவிடுகிறது. அவளுக்கு அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று படம் கேட்கவில்லை. முதல்முறை பார்த்தபோது நானும் கேட்கவில்லை.

மொழி வந்ததும் இந்தப் படங்கள் எதைத் தேடிப் போயின என்பதுதான் என்னை நிறுத்தியது. அவை ஒரு பெண்ணின் குரலைத் தேடிப் போயின.

கோபாதியின் அடுத்த படத்துக்குப் பாரசீகத்தில் ‘என் தாய்நிலத்தின் பாடல்கள்’ என்று பெயர் (2002). முதிய பாடகர் மிர்ஸா, இரு மகன்களோடு ஈராக் எல்லையைக் கடந்து தன் பழைய மனைவி ஹனாரேயைத் தேடுகிறார். ஈரானில் புரட்சிக்குப் பின் ஆண்கள் முன் பெண்கள் தனித்துப் பாடுவது தடைசெய்யப்பட்டதால் அவள் எல்லை தாண்டியவள், பாடுவதற்காகப் போனவள். மிர்ஸாவின் குழுவிலிருந்த இன்னொரு கலைஞனோடு போனாள் என்பதும் உண்டு. படம் நெடுக வழியெங்கும் கூத்தும் சிரிப்பும். மகன்களில் ஒருவனுக்கு ஏழு மனைவிகள். ஆண்பிள்ளை வேண்டி எட்டாவது ஒருத்தியைத் தேடுகிறான். அதுவும் நகைச்சுவையாகவே போகிறது. (அரங்கில் நானும் சிரித்தேன்.) கடைசியில் தெரிகிறது, ரசாயனக் குண்டு ஹனாரேயின் முகத்தையும் குரலையும் தின்றுவிட்டது. அவள் தன்னைக் காட்டிக்கொள்ள மறுக்கிறாள். அவள் மகளைத் தோளில் சுமந்து மிர்ஸா பனியில் எல்லைக் கம்பியைக் கடக்கிறார். அழகான, கனமான காட்சி. ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் அவள் அந்தப் பக்கத்தில் என்ன பாடினாள்?

‘அரை நிலவு’ (2006) இதே தேடலை இன்னும் விரித்துச் சொல்கிறது. சதாமின் வீழ்ச்சிக்குப் பிறகு ஈராக்கியக் குர்திஸ்தானில் கச்சேரி செய்யப் புறப்படுகிறார் வயோதிக இசைக்கலைஞர் மாமோ. பெண் குரல் இல்லாமல் கச்சேரி இல்லை என்கிறார். ஹேஷோ என்ற பாடகியை அழைத்துவரப் போகும் ஊரில் 1334 பாடகிகள் ஒதுக்கப்பட்டு வாழ்கிறார்கள். அவள் கிளம்பும்போது வண்ண உடையில் அத்தனை பெண்களும் தஃப் பறையை முழக்கி வழியனுப்புகிறார்கள். குர்திய சினிமாவில் பெண்கள் கூட்டமாகத் திரையை நிறைத்து நான் பார்த்த முதல் காட்சி அது. உடல் சிலிர்த்தது. எல்லைக்காவலர்கள் பேருந்துக்குள் ஒளிந்திருந்த ஹேஷோவைக் கண்டுபிடிக்கிறார்கள், வாத்தியங்களை உடைக்கிறார்கள். அவள் மேடையை அடையவில்லை. ஈரானில் படத்துக்கே தடை.

இந்த இரண்டு படங்களையும் குறைசொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பெண்குரலைத் தடுத்த அரசுக்கு எதிராக அந்த மண்ணிலேயே நின்று எடுத்த படங்கள். ஆனால் இரண்டிலும் பயணம் ஆணுடையது, இழப்பும் அவனுடையதாகவே பதிவாகிறது. காசிம் ஓஸின் ‘ஸெர்’ (2017) படத்திலும் நியூயார்க்கில் வளர்ந்த பேரன், பாட்டி பாடிய ஒரு பாட்டின் வேரைத் தேடி, 1938 படுகொலை நடந்த தெர்சிமுக்குப் போகிறான். பாட்டி முதலிலேயே இறந்துவிடுகிறாள். பெண் பாடியவள், ஆண் தேடுபவன், அவன் தேடத் தொடங்க அவள் இல்லாமல் போகவேண்டும்.

வரலாற்றில் நிலைமை இப்படி இல்லை. குர்திய வாய்மொழிப் பாடகர்களை தெங்பேஜ் என்பார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. மர்யம் கான் பாக்தாத் வானொலியின் குர்தியப் பிரிவில் பாடினார், 1949இல் இறந்தார். தியார்பக்கிரில் பிறந்த அய்ஷே ஷான் பாடியதற்காகவே குடும்பத்தால் ஒதுக்கப்பட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடி, 1996இல் இஸ்மிரில் மறைந்தார். இவர்கள் யாரோ வந்து கண்டெடுக்கக் காத்திருந்தவர்கள் அல்லர். கிளம்பிப் போனவர்கள். அந்தக் கிளம்பலைப் பற்றி ஒரு முழுநீளக் கதைப்படம் நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தடுமாறுகிறது. முனைவர் பட்டத்துக்காக ஒப்பாரி பாடும் பெண்களைத் தேடி நானும் டேப் ரெக்கார்டரோடு அலைந்தவள். ஆய்வேட்டில் அவர்கள் பெயர் இல்லை. ‘தகவலாளி 7’, ‘தகவலாளி 12’. பாட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிர்ஸாவைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று ஒருகணம் தோன்றியது. தகுதி அதிலிருந்தே வருகிறது என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

ஷவ்கத் அமீன் கோர்கியின் ‘கல்லின்மேல் நினைவுகள்’ (2014) இந்தச் சிக்கலைத் தானே எடுத்து மேசையில் வைக்கிறது. 1988 அன்ஃபால் இனப்படுகொலையைப் படமாக்க இரு நண்பர்கள் முயல்கிறார்கள். நாயகி கிடைக்கவில்லை. சினூர் என்ற இளம்பெண் நடிக்க விரும்புகிறாள். ஆனால் உறவுக்கார ஆண்கள் அனுமதிக்க வேண்டும். இனத்தின் காயத்தை உலகுக்குக் காட்டப்போகும் படம், ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் ஆண்களின் தலையசைப்புக்காக நிற்கிறது. சதாம் போய்விட்டான், வீடு அப்படியே இருக்கிறது. விடுதலைக்குப் பிறகான குர்திய சமூகத்தைப் பற்றி இதைவிட நேர்மையான காட்சியை ஆண் இயக்குநர் எவரிடமும் நான் காணவில்லை.

2014இல் கொபானி முற்றுகைக்குப் பின் எல்லாம் தலைகீழானது. துப்பாக்கி ஏந்திய குர்தியப் பெண் உலகப் பத்திரிகைகளின் அட்டைக்கு வந்தாள். பிரான்சிலிருந்து ‘சூரியனின் பெண்கள்’ (2018), ‘ஆயுதம் ஏந்திய சகோதரிகள்’ (2019) ஆகிய படங்கள் வந்தன. இரண்டையும் இயக்கியவர்கள் பெண்கள். இருந்தும் எனக்கு ஒட்டவில்லை. முதல் படத்தில் போராளி பஹாரை நாம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரின் கண்வழியாகத்தான் நெருங்கமுடிகிறது. பஹாராக நடித்த கோல்ஷிஃப்தே ஃபராஹானிதான் ‘அரை நிலவு’ படத்திலும் வந்தார், ஹினெர் சலீமின் ‘மை ஸ்வீட் பெப்பர் லேண்ட்’ (2013) படத்தில் ஆசிரியை கோவெந்தும் அவரே. அருமையான நடிகை, ஆனால் குர்தியர் அல்லர். உலகம் குர்தியப் பெண்ணுக்கென ஒரே முகத்தை மறுபடி மறுபடி இரவல் வாங்கியிருக்கிறது. ஐ.எஸ். பிடியிலிருந்து மீட்கப்பட்ட யசீதிப் பெண்களைப் பற்றிய ‘சபாயா’ (2021) ஆவணப்படமோ, அதில் தோன்றிய பெண்களிலேயே சிலர் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்று சொன்னதால் சர்ச்சைக்குள்ளானது. மீட்டவர்களும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை என்றால் என்ன சொல்வது.

சைனே அக்யோலின் ‘குலிஸ்தான்’ (2016) இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. துருக்கியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் அக்யோல். சிறுவயதில் தன்னைப் பார்த்துக்கொண்ட, பின்னர் போராளியாகி இறந்துபோன ஒருத்தியின் நினைவிலிருந்து கிளம்பிய ஆவணப்படம். போர்க்காட்சி ஏறக்குறைய இல்லை. பெண்கள் தலை பின்னுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஆயுதத்தைத் துடைக்கிறார்கள், காத்திருக்கிறார்கள். சோஸ்தார் என்ற போராளி கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறாள், கேமராவுக்குப் பின்னாலிருக்கும் பெண்ணிடம் பேசுவதுபோல. அவர்கள் இயக்கத்தின் அரசியல்மேல் எனக்குக் கேள்விகள் உண்டு. படத்துக்கும் இன்னும் சில கேள்விகள் இருந்திருக்கலாம். ஆனால் என் மாணவி கேட்ட தோழிகள் இங்கே இருந்தார்கள்.

முஜ்தே அர்ஸ்லான் தேடலையே திருப்பிப்போட்டார். 2012இல் அவர் எடுத்த ‘நான் பறந்தேன், நீ தங்கினாய்’ ஆவணப்படத்தில், கெரில்லாவாகப் போய் இறந்த, தான் முகம் பார்த்தறியாத தந்தையின் தடம் தேடி ஈராக்கின் மக்மூர் முகாமுக்குப் போகிறாள் மகள். தேடுபவள் அவள். கேள்வி கேட்பவளும் அவளே. தியாகி என்று எல்லோரும் கும்பிடுகிற ஒருவரிடம், எங்களை ஏன் விட்டுப் போனாய் என்று கேட்க ஒரு மகளால்தான் முடிகிறது.

மாணவிகளுக்கு இப்போது நான் முதலில் காட்டுவது மிராஸ் பெஸாரின் ‘மின் தீத்’ (2009). ‘நான் பார்த்தேன்’ என்று பொருள். பெஸாரோடு சேர்ந்து அதை எழுதியவர் எவ்ரிம் அலத்தாஷ் என்ற பெண் பத்திரிகையாளர். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். தியார்பக்கிர் சாலையில், கண்ணெதிரே தாய்தந்தை சுடப்பட்ட குலிஸ்தானும் தம்பியும் தெருவுக்கு வருகிறார்கள். கைக்குழந்தைத் தங்கை மருந்தில்லாமல் இறக்கிறாள். அம்மாவின் குரல் ஒரு கேசட்டில் மிச்சமிருக்கிறது: ஊராடுகளைத் தின்னும் ஓநாயைக் கொல்லாமல் கழுத்தில் மணி கட்டிவிட்ட கதை. மணிச்சத்தம் கேட்டு ஆடுகள் ஓடிவிடும். இந்த அம்மாவும் செத்துப்போன அம்மாதான், இந்தக் குரலும் மிச்சக் குரல்தான். ஆனால் குலிஸ்தான் அதைக் கேட்டு அழுவதோடு நிற்பதில்லை. கொலைகாரனை அடையாளம் காண்கிறாள். துப்பாக்கியைத் தேடாமல் அவன் யாரென்று அச்சிட்ட தாள்களை அவன் தெருவெங்கும் பரப்புகிறார்கள் குழந்தைகள். அம்மாவின் கதையை அவள் பயன்படுத்துகிறாள்.

2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் குர்திய இயக்குநர் லிசா சாலனுக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் சினிமா’ விருது கொடுத்தார்கள். 2015 ஜூனில் தியார்பக்கிர் தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டில் இரு கால்களையும் இழந்தவர். மறுநாள் செய்திகளில் பார்த்தேன்: பாதி வரிகள் அவர் கால்களைப் பற்றியவை. படத்தின் பெயர், ‘மலைகளின் மொழி’, ஒருமுறை வந்து போனது. இருபதாண்டுக்கு முன்னால் என்றால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. சென்ற மாதம் பேசினாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘மின் தீத்’ போட்டுக்காட்டலாமா என்று கேட்டாள். சுடும் காட்சி வருமே என்றேன். “அதை ஓட்டிவிட்டுடறேன் மேடம். மணி கட்டற கதை மட்டும் முழுசா கேக்கட்டும்” என்றாள்.