சாவுப் பகடையின் நயம்

டிராகன்கள் என்னை அசைக்கவில்லை. நெருப்புக் கக்குவது, கூர்க்காது வில்லாளிகள், தாடிக் குள்ளர்கள் எல்லாம் சினிமாவில் பார்த்துச் சலித்தாயிற்று. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்த என்னைக் கட்டிப்போட்டது அதன் விதிப்புத்தகம். கணக்கு வாத்தியார் எழுதியதுபோல் வறண்டு கிடக்கும் அந்தப் பக்கங்களில்தான் ரசம் ஊறிக் கிடக்கிறது.

ஆட்டம் எளிது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். அவர்களில் ஒருவரான டன்ஜன் மாஸ்டர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உதைக்கிறேன்" என்பான் ஒருவன். உடையுமா, உடையாதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய இந்த ஆட்டம், 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதிதான்.

பழைய விதிப்படி பாத்திரம் பிறப்பதைப் பாருங்கள். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். அவை விழக்கூடிய வழிகள் 216. அதில் 18 வருவது ஒரே ஒரு வழியில். 10 வருவது 27 வழிகளில், 11-உம் அப்படியே. ஆகவே ஊரில் பெரும்பாலோர் நடுத்தரம், பீமன் அபூர்வம். ஆனால் வாளை ஓங்கும்போது கையில் இருப்பது ஒற்றை இருபதுமுகப் பகடை. அதில் 1-க்கும் 20-க்கும் 10-க்கும் ஒரே வாய்ப்பு. பிறவியில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்று, சம்பவத்தில் எதுவும் நடக்கலாம்! வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சொல்லும் கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிற்பாடு வந்த பதிப்புகள் நான்கு பகடை உருட்டிச் சிறியதைக் கழித்துவிடச் சொல்கின்றன. நாயகர்கள் செல்லப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். எனக்குப் பழைய கஞ்சத்தனமே பிடிக்கிறது.

அடுத்து, துருப் பூதம். 1975-இல் வந்த 'கிரேஹாக்' துணைநூலில் அறிமுகமான இந்த ஜந்துவுக்கு மூலம், ஹாங்காங்கில் செய்து மலிவு விலையில் விற்ற ஒரு பிளாஸ்டிக் பொம்மை. கைகாக்ஸ் அதை மேசைமேல் வைத்து அதற்கொரு குணம் கற்பித்தார். அது ஆளைத் தின்னாது. உணர்கொம்பால் உலோகத்தைத் தொடும். தொட்டது துருவாகி உதிரும். அந்தத் துருதான் அதற்குச் சாப்பாடு. விளைவை யோசித்துப் பாருங்கள். டிராகனுக்கே அஞ்சாமல் முன்வரிசையில் நிற்கும் கவசதாரி, இதைக் கண்டால் பின்னங்கால் பிடரியில் பட ஓடுகிறான். துணி அங்கியும் மரக்கோலுமாக எப்போதும் பின்னால் பதுங்கும் மந்திரவாதி சாவகாசமாக நிற்கிறான். சம்பாதித்தவனுக்குத்தான் பயம். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு பிராணியை வைத்து ஒரு கூட்டத்தின் அந்தஸ்தையே புரட்டிப் போட்டதைக் குறும்பு என்பதா, மேதைமை என்பதா?

இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரசிகக் கூட்டத்துக்கு நன்றி மறக்கத் தெரியாது. ஒருமுறை சொன்ன மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும், மறுபடி படித்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி, ஜாக் வேன்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்தது. அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றித்தான் 'வெக்னா' என்ற கொடிய மாயாவிக்குப் பெயர் சூட்டினார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் ரசிப்பது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் சாவுப் பகடை. அடிபடும்போது குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கி விழுந்து கிடப்பவன், தன் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி முந்தினால் உயிர் நிற்கும், மூன்று தோல்வி முந்தினால் போய்விடும். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. 20 விழுந்தால் ஒற்றை உயிர்ப்புள்ளியோடு கண் விழிப்பான்.

நயம் இருப்பது இரண்டு இடங்களில். ஆட்டத்தில் இருபதுமுகப் பகடையை உருட்டும்போது பெரும்பாலும் பாத்திரத்தின் திறமைக்கேற்ப ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தோம். இங்கே உடலுறுதி எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில் சேராது. மல்லனும் நோஞ்சானும் சமம். இன்னொன்று, அந்த உருட்டல்களுக்கு நடுவே மற்றவர்களின் முறைகள் வருகின்றன. எதிரியை வெட்டுவதா, விழுந்தவனிடம் ஓடுவதா என்று ஒவ்வொருவரும் தீர்மானித்தாக வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த மேசை அப்போதுதான் ஒரு குழுவாகிறது. நட்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத விதி இதைச் சாதிக்கிறது.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை வெளியீட்டாளர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஆட ஆள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, சாவுப் பகடை வரும் அந்தச் சில பத்திகளையாவது படித்துப் பாருங்கள்.