அன்னம் எங்கே? நாரை இங்கே!

பனிக்காலத்தைத் தீட்டப் புகும் நம் ஓவியர், தூரிகையை எடுத்ததும் தூரதேசம் போவானேன்? உறைபனி போர்த்த மலை, ஊசியிலை மரம், ஒய்யார அன்னம்! மார்கழி விடியலில் தென்னேரிக் கரையில் நின்று பார்த்தவர், இவற்றில் எதைக் கண்டார்?

அன்னம், அச்சுப்படத்தில் நம் வீட்டுக்கு வந்த பறவை. தமயந்தியின் முன் இரவிவர்மா நிறுத்திய வெள்ளை அன்னம், 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் காலத்தில் சுவர்தோறும் ஏறிற்று. பட்டின் பளபளப்பைத் தீட்டுவதில் அவர் வல்லவர், மறுக்கவில்லை. ஆயினும், பாலையும் நீரையும் பிரிக்கும் என்ற புராணப் புளுகுக்கு அவர் உடல் தந்தார். நம் ஏரிப் பறவைக்கு இடம் தரவில்லை.

1565இல் பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல், பனியில் வீடு திரும்பும் வேடர்களை வரைந்தார். அங்கே தேவனில்லை, தேவதூதனில்லை. களைத்த மனிதர், சோர்ந்த நாய்கள், வேட்டையில் கிடைத்த ஒரே நரி, மொட்டைக் கிளையில் கரும்பறவைகள். குளிர் மனிதனுக்கும் பறவைக்கும் பொது என்கிறது அப்படம். அவரிடம் நாம் கற்க வேண்டியது பனியையல்ல, பார்வையை!

அப்பார்வை தமிழனுக்குப் புதிதா? மதுரை வாடையில் ஆடையின்றி நடுங்கிய சத்திமுத்தப் புலவர், வானில் சென்ற செங்கால் நாரையை அழைத்தார். அதன் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்னார். அது வடக்கே திரும்பும் பறவை என்பதை அறிந்திருந்தார். ஊர்க்குளம், நனைந்த சுவர், வழி பார்த்திருக்கும் மனைவி, வறுமை - அனைத்தையும் ஒரே பாட்டில் வைத்தார். எழுத்தால் ஆன பனிக்கால ஓவியமன்றோ அது!

இன்று காஞ்சி வட்டாரத்து நெசவாளி, தாம் ஒருநாளும் காணாத அன்னத்தைப் பட்டுக்கரையில் நெய்கிறார். அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, குழித்தறியில் ஈரம் ஊறும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அவர் தலைக்கு மேலே, ஏரியில் நத்தை தேடி நாரை பறக்கிறது.

ஓவியத் தோழர்களே! அந்த நாரையைத் தீட்டுங்கள். கால் எத்தனை நீளம், அலகு எப்படி வளைகிறது என்று கண்ணால் அளந்து தீட்டுங்கள். அருகே, மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த மனிதரையும் தீட்டுங்கள். அவரை விட்டுவிட்ட பனிக்காலம், எத்தனை அழகாயிருந்தாலும், நம் பனிக்காலம் ஆகாது.