ரோட்டுக்குப் பவுடர்!

வி.ஐ.பி. வருகிறார் என்றால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டில் ஒரு கறுப்புப் பூச்சு ஏறிவிடும். காலையில் பளபளா! அடியில் இருந்த விரிசல்? அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும்.

மெல்லிசான பூச்சுக்கு விரிசலைக் கட்டிப்போடும் வலு கிடையாது. வண்டிகள் ஓட ஓட, பழைய விரிசல் மேலே எட்டிப் பார்க்கும். தண்ணீர் இறங்கும். ஜல்லி இளகும். அப்புறம் பள்ளம்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. விரிசலில் இருக்கும் மண்ணை, புல்லை கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளணும். ஈரம் காயணும். ரப்பர் கலந்த தாரைச் சூடாக ஊற்றி அடைக்கணும். முதலைத்தோல் மாதிரி வெடித்திருந்தால், அந்த இடத்தையே வெட்டியெடுத்து ஒட்டுப் போடணும். பூச்சு அதற்கப்புறம்தான். தார்ச்சாலைப் பராமரிப்புக்கென்றே ஐ.ஆர்.சி. 82 என்று விதிநூல் இருக்கிறது. 2015-ல் திருத்தியும் வெளியிட்டார்கள். யார் புரட்டுகிறார்கள்?

பி.காம். பாடத்தில் இதற்குப் பெயர் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’. ஓட்டையை மறைத்து பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசுவது. அங்கே ஆடிட்டர் பிடித்துவிடலாம். ரோட்டுக்கு ஆடிட்டர், மழை! அது ரிப்போர்ட் கொடுப்பதற்குள் பில் பாஸாகியிருக்கும். யாரோ ஒரு டூ-வீலர்காரர் பள்ளத்தில் விழுந்து கிடப்பார்.

அடுத்தமுறை உங்கள் தெருவில் தார் வண்டி வந்து நின்றால், ‘எப்போ சார் முடியும்?’ என்று கேட்காதீர்கள். ‘விரிசலை அடைச்சாச்சா?’ என்று கேளுங்கள்.