வாழைச்சேனை வீதியும் காத்தான்குடி எல்லையும்

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் பஸ் ஏறுபவர்கள் காத்தான்குடியைக் கடந்துதான் போக வேண்டும். கோயில்கள் நிறைந்த தமிழ் ஊர் முடிந்த கையோடு, பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் முஸ்லிம் நகரம் தொடங்கிவிடும். இடையில் வயலும் இல்லை, வெளியும் இல்லை. வெளியூர்க்காரருக்கு எல்லை எதுவென்று தெரியாது. உள்ளூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் என்றுகூடச் சொல்ல முடியாத சிறு தொகையினர் கிறிஸ்தவர்கள். பெரும்பாலும் தமிழர். யுத்த காலத்தில் அவர்களுடைய திருச்சபைகள் செய்த தொண்டு, ஆள் தொகையோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அந்தத் தொண்டு எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க இந்த எல்லையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரமே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த 158 தமிழர்களை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த இரு மாதங்களில் தமிழரும் முஸ்லிமும் ஒருவர் ஊரை ஒருவர் கடக்கவே நடுங்கினார்கள்.

அந்த நாட்களில்தான் யேசுசபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் தன் வெஸ்பா ஸ்கூட்டரில் வாழைச்சேனைக்குப் போனார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்தவர். கிழக்கில் ஒரு தலைமுறைக்கே கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். கலவரத்தில் சிக்கியிருந்தவர்களுக்கு உதவப் போன அவர், ஓகஸ்ட் 15 அன்று ஒரு தமிழ் இளைஞனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டர்கூடக் கிடைக்கவில்லை.

அவருடைய தோழர் ஹரி மில்லர் அடிகளாரின் வேலை இன்னொரு வகை. புனித மிக்கேல் கல்லூரியின் அதிபராக இருந்தவர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் சேர்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சொல்வதை எழுதி வைத்தார்: பெயர், நாள், பிடிபட்ட இடம், பிடித்துப் போனவர்கள் யார். பிறகு அந்த விபரத்தோடு முகாம்களில் போய் விசாரித்தார். இதே வேலையைப் பிரஜைகள் குழுத் தலைவராக இருந்து செய்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார், 1988 யூன் 6இல் புளியந்தீவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கண்ணீரைத் துடைப்பதோடு நில்லாமல் பெயரைப் பதிந்து, அதிகாரியின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட இந்த அன்புதான் மட்டக்களப்புத் திருச்சபையின் மிகப் பெரிய பலம். இதற்கு ஈடாகப் பிரசங்கம் எதையும் சொல்ல முடியாது.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஹேபியரும் மில்லரும் அந்நியர்கள். தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை என்பதால் அவர்களுக்குச் சில கதவுகள் திறந்தன. உள்ளூர்க் கிறிஸ்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் தமிழராகவே பார்க்கப்பட்டார். அதனால் துணிச்சலான தொண்டெல்லாம் சில துறவிகளின் தோளில் ஏறியது. பூசைக்கு வருகிற குடும்பம், கடைக்காரர், ஆசிரியர் ஆகியோரின் அன்றாடப் பழக்கமாக அது இறங்கி வரவில்லை. வெள்ளைக்காரச் சாமியார் போனார் என்று பெருமைப்படுவது எளிது. அடுத்த ஊருக்கு நாம் போவதுதான் கடினம்.

இந்தக் குறையை ஓரளவு நேர்செய்த முயற்சி ஒன்று உண்டு. 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் வாரம் ஒரு நாள், மாதக் கணக்கில், பஸ்ஸில் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். சமாதானத்தைப் பற்றி அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. பயந்து ஒடுங்கியிருந்த பிள்ளை வாய் திறந்து பேசுவதற்குக் காத்திருந்தார்கள். இதைப் போல நல்ல வேலை மாவட்டத்தில் குறைவு. ஆனால் மாலையில் பிள்ளை திரும்பிப் போனது தனித் தமிழ் ஊருக்கும் தனி முஸ்லிம் ஊருக்கும். மறுநாள் போனது தனித்தனிப் பள்ளிக்கூடங்களுக்கு. காணி, எல்லை, தொழில் பற்றிப் பெரியவர்களுக்குள் இருந்த சண்டையைத் தீர்க்கும் பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் வைக்க முடியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் சிறுவர். குண்டோடு வந்தவனை வாசலில் மறித்துக் கேள்வி கேட்ட சபை உறுப்பினர் ஒருவர் தன் உயிரைக் கொடுத்துப் பலரைக் காத்தார். தாக்கியவர்களை மன்னிக்கிறோம், நேசிக்கிறோம் என்று சில நாட்களிலேயே அச்சபையின் போதகர் பகிரங்கமாகச் சொன்னார். அந்த வார்த்தையின் விலை அதைச் சொன்னவர்களுக்குத்தான் தெரியும். அதை எடைபோட வெளியாருக்கு உரிமை இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லலாம். செத்துப்போன குண்டுதாரியை மன்னிப்பதாகச் சொல்லிவிட்டு, உயிரோடிருக்கும் காத்தான்குடி வியாபாரியைச் சந்தேகத்தோடு பார்த்தால் அந்த மன்னிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடிக்காரர் என்பது ஊரறிந்த செய்தி. தாக்குதலுக்கு வெகு முன்பே அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. அந்த உண்மையைத் திருப்பலியிலும் ஆராதனையிலும் எடுத்துச் சொல்வது அன்பின் பாதி வேலை.

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அரசு கட்டாயமாக எரித்த காலமும் இந்த அன்புக்கு ஒரு சோதனைதான். 2021 மார்ச்சில் அடக்கம் செய்யத் தொடங்கியபோது, அதற்கு ஒதுக்கப்பட்ட நிலம் இதே மாவட்டத்தின் ஓட்டமாவடியில். அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களும் இந்துக்களும் பௌத்தர்களும் அவர்களோடு அதே மண்ணில் இருக்கிறார்கள்.

அதனால் மட்டக்களப்பின் பங்குகளுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இறந்தவர்களுக்காக உங்கள் ஆலயங்களில் மன்றாடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தின் சம்மதம் கேட்டு, பொதுநிலையினர் சிலரை அங்கே அனுப்புங்கள். குருவானவர் முன்னால் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.