துணியின் விலையும் வடிவத்தின் உரிமையும்

சமூகம்சார் சுற்றுலா பற்றி நான் படித்த அறிக்கைகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது: பெண்களுக்கு வருமானம் கிடைத்தது, ஆகவே அவர்கள் அதிகாரம் பெற்றார்கள். அந்த ‘ஆகவே’யோடுதான் எனக்குத் தகராறு.

குவாத்தமாலாவில் அத்தித்லான் ஏரிக்கரையில் இருக்கும் சான் ஹுவான் லா லகூனா, சுதுஹில் மாயா மக்களின் ஊர். அங்கே பெண்களின் நெசவுக் கூட்டுறவுகள் பல உண்டு. பஞ்சிலிருந்து நூல் நூற்பதையும் செடிகளிலிருந்து சாயம் எடுப்பதையும் பயணிகளுக்குச் செய்து காட்டுகிறார்கள். தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையைப் பட்டையால் தன் இடுப்போடு பிணைத்துக்கொண்டு நெய்கிறாள் பெண். குழந்தை அழுதால் எழுந்து போகலாம். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்காரலாம். வீட்டு வேலைக்கு இடைஞ்சல் இல்லாத தொழில் என்று இதைப் புகழ்கிறவர்கள் உண்டு. அந்தப் புகழ்ச்சியில்தான் எனக்குச் சுரண்டல் தெரிகிறது. நடுநடுவே செய்யும் வேலை யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. உய்பில் என்னும் மேலாடை ஒன்றை நெய்து முடிக்க மாதங்கள்கூட ஆகும். பேரம் பேசுகிறவர் கண்ணுக்கு நூல் மட்டுமே தெரிகிறது. வீட்டு வேலையை ஆண் பகிராதவரை, சுற்றுலா அவளுக்குத் தருவது இன்னொரு வேலைதான்.

இத்தகைய கூட்டுறவுகளைச் சுற்றுலாவின் கொடையாகச் சொல்வதும் தவறு. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமலாக்கப்பட்டார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். குவாத்தமாலாவின் நெசவுக் குழுக்களில் சில, அந்தப் போரில் கணவரை இழந்த பெண்கள் பிழைக்கக் கூடியதில் பிறந்தவை.

சுற்றுலா விளம்பரத்துக்கு அழகு சேர்க்கும் அதே உடை, நகரத்தில் அவளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. 2002இல் கிச்சே மாயா மானுடவியலாளர் இர்மா அலிசியா வெலாஸ்கஸ் நிமாதுஹ், மரபு உடை அணிந்திருந்ததால் தலைநகரின் மதுக்கூடம் ஒன்றுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அவர் அதை வெளியே சொன்னார், எதிர்த்துப் போராடினார். அதே ஆண்டில் பாகுபாடு அந்நாட்டில் குற்றமாக்கப்பட்டது.

2016இல் அஃபேதெஸ் என்ற பெண்கள் அமைப்பும் நெசவுப் பெண்களும் அரசியல் சாசன நீதிமன்றத்தை நாடினார்கள். தங்கள் வடிவங்களை நிறுவனங்கள் எடுத்து விற்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும், அவை மாயா மக்களின் கூட்டு உடைமை என்று ஏற்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதைத்தான் நான் அதிகாரம் என்பேன். வாங்க ஆள் தேடியவர்கள் உரிமை கேட்டு வழக்காடினார்கள்.

ஆகவே ‘சமூகம்’ என்ற சொல்லைக் கண்டதும் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். விலையை வைப்பது யார்? கணக்குப் புத்தகம் யார் கையில்? வடிவம் யாருடையது? அவள் பயணிகளோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டில் சோளத்தை அரைப்பது யார்? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கையில் பெண் வெறும் படமாகத்தான் இருக்கிறாள்.