விமர்சனமும் கல்லாப்பெட்டியும்: 'கேம் இன்ஃபார்மர்' மூடப்பட்டதை முன்வைத்து

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்த 'கேம் இன்ஃபார்மர்' என்கிற வீடியோ கேம் பத்திரிகையின் ஊழியர்களை ஒரு கூட்டத்திற்குக் கூப்பிட்டார்கள். பத்திரிகை மூடப்படுகிறது, உங்கள் எல்லோருக்கும் இன்றோடு வேலை இல்லை என்று சொன்னார்கள். அதற்குள் இணையதளமும் போய்விட்டது. பழைய கட்டுரை எதன் முகவரியைத் தட்டினாலும் ஒரே ஒரு விடைபெறும் அறிவிப்புதான் வந்து நின்றது. பத்திரிகையின் எக்ஸ் கணக்கில் ஊழியர்கள் தரப்பிலிருந்து, தாங்களே எழுதிய விடைபெறும் குறிப்பு ஒன்று வெளியானது. அதையும் எடுத்துவிட்டுக் கணக்கையே இல்லாமல் ஆக்கினார்கள். 33 வருடம் நடந்த பத்திரிகைக்குத் தன் சாவைத் தன் வாயால் சொல்லும் உரிமைகூடக் கிடைக்கவில்லை.

இதைப் பற்றித் தமிழில், அதுவும் இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 'கடைக்காரன் காசு குடுத்து நடத்துன நோட்டீசுய்யா அது. கடைக்காரனே நிறுத்திட்டான். இதுல என்ன விமர்சனம், என்ன கோட்பாடு?' அவர் கேட்டது அலட்சியமான கேள்வி இல்லை. முக்கால்வாசி உண்மை அதில் இருக்கிறது. மிச்சமுள்ள கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது கடைக்காரன் நோட்டீசாகத்தான் பிறந்தது. 1991-இல் ஃபங்கோலேண்ட் என்ற கடைத்தொடர் (பழைய கேம்களை வாங்கி விற்பது அவர்கள் தொழில்) ஆறு பக்கத்தில் அச்சடித்த தாள் அது. 2000-இல் ஃபங்கோலேண்ட் கைமாறியது. அந்தக் கைமாற்றத்தின் முடிவில் கேம்ஸ்டாப் நிறுவனம் அதற்கு முதலாளியாயிற்று. 2013 வாக்கில் பத்திரிகை 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அமெரிக்காவில் அதற்கு முன்னால் இருந்தவை ஓய்வுபெற்ற முதியோர் அமைப்பு ஒன்று தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் இரண்டு வெளியீடுகள் மட்டும்தான். இந்த எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கேம்ஸ்டாப் கடையில் ஒருவன் பழைய கேம் வாங்கப் போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டாலரில் ஓர் உறுப்பினர் அட்டையைத் தலையில் கட்டுவார்கள். அட்டையோடு பத்திரிகையும் வீட்டுக்கு வரும். அந்த 70 லட்சத்தில் எத்தனை பேர் வாசகர், எத்தனை பேர் வெறும் வாடிக்கையாளர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கலப்பில்தான் பத்திரிகையின் இருப்பும் இருந்தது.

மதிப்பெண்களையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். பத்துக்கு எட்டேமுக்கால், ஒன்பதேகால் என்று கால் கால் மதிப்பெண்ணாக நிறுத்துப் போடுவார்கள், மளிகைக்கடைத் தராசு மாதிரி. அதில் 'சுமார்' என்பதற்கு மதிப்பெண் ஐந்து அல்ல, ஏழு. கணக்குப்படி நடுவில் இருக்க வேண்டிய எண் ஏன் இரண்டு படி மேலே ஏறி உட்கார்ந்தது? கேம் பத்திரிகைகள் பலவற்றிலும் இந்த வியாதி உண்டு. கடையே நடத்தும் பத்திரிகையில் அது சட்டம்போலவே எழுதப்பட்டிருந்தது. அட்டைப்படக் கட்டுரைகள் இன்னொரு வகை. இன்னும் வெளிவராத ஆட்டத்தை நிறுவனம் முதலில் இவர்களுக்குக் காட்டும். இவர்கள் அட்டையைக் கொடுப்பார்கள். வராத பண்டத்தின்மீது ஆசையை உற்பத்தி செய்வது விமர்சனத்தின் வேலை அல்ல, விளம்பரத்தின் வேலை. இதை மறைத்து அந்தப் பத்திரிகையைப் புனிதப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அதே பக்கத்தில் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'இரண்டாவது கருத்து' என்று அதற்குப் பெயர். ஒருவர் எழுதிய மதிப்புரையின் ஓரத்திலேயே இன்னொருவர், அதே ஆட்டத்தை ஆடிவிட்டு, தன் பங்குக்கு நாலு வரி எழுதி வேறு மதிப்பெண் போடுவார். முதலாமவர் தலையில் வைத்துக் கொண்டாடியதை இரண்டாமவர் 'எனக்கு அலுத்துவிட்டது' என்று சொல்லிவிடலாம். பண்டத்தை விற்க வேண்டிய கடைக்கு இதனால் என்ன லாபம்? ஒன்றுமில்லை. தீர்ப்பு ஒன்றுதான் என்கிற அதிகாரத்தை அந்தப் பெட்டி தன் பக்கத்திலேயே உடைத்தது. நோட்டீஸ் பத்திரிகையாக மாறிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-இல் 'ஜர்னி' என்ற ஆட்டம் வந்தது. பிளேஸ்டேஷன் 3 இருந்தால்தான் ஆட முடியும். அந்தக் கருவியை நான் படத்தில் பார்த்ததோடு சரி. எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அது கட்டுப்படியாகிற சமாச்சாரமும் இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அதைப் பற்றிய மதிப்புரைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன், கேம் இன்ஃபார்மர் உட்பட. அங்கி போர்த்திய ஓர் உருவம் பாலைவனத்தில் தூரத்து மலையை நோக்கி நடக்கிறது. வழியில் இன்னோர் உருவம் சேர்ந்துகொள்ளும். அது உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்து ஆடுகிற இன்னொரு மனிதர். பேச முடியாது, எழுத முடியாது, பெயர் தெரியாது. ஓர் ஒலியை எழுப்பலாம், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த பிறகே கூட வந்தவரின் பெயர் திரையில் தெரியும். இரண்டு மணி நேர ஆட்டம். நான் ஆடாத அந்த இரண்டு மணி நேரத்தைப் பிறர் எழுத்திலிருந்து கட்டிக்கொண்டேன். மொழி இல்லாத ஓர் ஆட்டம் மொழியின் வழியாகவே எனக்குக் கிடைத்தது. பிரதியைத் தொடாமலேயே விமர்சனத்தை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்பதை ரோலண்ட் பார்த்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிரவுசிங் சென்டரில் தெரிந்துகொண்டேன்.

இது தனிப்பட்ட நெகிழ்ச்சி மட்டும் அல்ல. வீடியோ கேம் என்பது சீக்கிரம் அழிகிற பிரதி. கருவி பழையதாகும், உரிமம் காலாவதியாகும், சர்வரை அணைப்பார்கள். வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்றது. கேம் இன்ஃபார்மர் போன மூன்றாவது வாரம், ஆகஸ்ட் 23 அன்று, சோனி 'கான்கார்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பு. வாங்க ஆளில்லை. செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்திக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு நாள்! இனி அதை யாராவது ஆராய வேண்டுமென்றால் அந்தப் பதினான்கு நாளில் ஆடியவர்கள் எழுதிவைத்ததும் பிடித்துவைத்த காணொளியும்தான் கதி. ஆட்டம் போன பின்னும் மிஞ்சுவது அதைப் பற்றிய பேச்சு. அந்தப் பேச்சையும் அழித்தால் அது இரண்டாவது சாவு.

ஆவணக் காப்பகம் என்பதற்கான மேலைச் சொல்லின் வேரைத் தேடிப் போன தெரிதா, 'ஆர்கையான்' என்ற கிரேக்கச் சொல்லில் வந்து நிற்கிறார். அது அதிகாரிகளின் வீடு. ஆவணங்கள் அவர்கள் வீட்டில் இருந்தன. அவற்றுக்குப் பொருள் சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. அதாவது நினைவு எங்கே குடியிருக்கிறது என்பது எப்போதும் அது யார் வீடு என்ற கேள்வியும்தான். கேம் இன்ஃபார்மரின் நினைவு கடைக்காரர் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்தது. வாடகை இல்லாத குடித்தனத்துக்கு நோட்டீஸ் காலமும் கிடையாது.

பணம் இல்லாமல் மூடினார்களா என்றால், அதுவும் இல்லை. 2024 மே, ஜூனில் பங்குச்சந்தையில் கேம்ஸ்டாப் பங்கு திடீரென்று எகிறியபோது நிறுவனம் புதுப் பங்குகளை விற்று முதலில் சுமார் 93 கோடி டாலரும் பிறகு சுமார் 214 கோடி டாலரும் திரட்டியது. அதன் காலாண்டுக் கணக்கு முடிந்த நாள் ஆகஸ்ட் 3. பத்திரிகையை மூடியதற்கு மறுநாள். அன்று கையிருப்பு சுமார் 420 கோடி டாலர். கடைகளில் வியாபாரம் சுருங்கியது உண்மை. ஆட்டங்கள் வட்டிலிருந்து தரவிறக்கத்துக்குப் போனபின் பழைய வட்டு வாங்க யார் வருவார்? 2019-லேயே ஆசிரியர் குழுவில் கிட்டத்தட்டப் பாதிப்பேரை வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் பழைய கட்டுரைகளைத் தளத்தில் அப்படியே விட்டுவைக்க எவ்வளவு ஆகும்? 420 கோடியில் அது தூசு. எனவே அந்த அழிப்பைச் 'சிக்கனம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்ட எண்ணம் என்றும் சொல்ல மாட்டேன். அது வெறும் நோட்டீஸ் என்ற நம்பிக்கை முதலாளிக்குக் கடைசிவரை மாறவே இல்லை. பழைய விலைப்பட்டியலை யாராவது பாதுகாப்பார்களா?

நம் சிறுபத்திரிகைகளும் மூடப்பட்டவைதான். மூடுவதற்கென்றே தொடங்கப்பட்டவை என்றுகூடச் சொல்லலாம். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1970-இல் நின்றது. ஆனால் யாரோ ஒருவர் பரணில் கட்டு இருக்கும். கரையான் தின்றது போக மிச்சம் கைக்கு வரும். அழிக்க நினைத்தாலும் எல்லா வீட்டுப் பரணிலும் ஏறி அழிக்க முடியாது. கேம் இன்ஃபார்மரின் அச்சுப் பிரதிகளுக்கும் இந்தப் பரண் பாக்கியம் உண்டு. இணையத்தில் மட்டும் எழுதப்பட்டதற்கு அது இல்லை. இணைய ஆவணக் காப்பகம் பிடித்துவைத்தவரை உண்டு என்றார்கள். அந்த வருடம் அக்டோபரில் அந்தக் காப்பகமே தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் முடங்கிக் கிடந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2025 மார்ச் 25 அன்று பத்திரிகை திரும்பி வந்தது. கன்சில்லா கேம்ஸ் என்ற நிறுவனம் வாங்கியிருந்தது. மூடியபோது இருந்த ஆசிரியர் குழு முழுவதும் வேலைக்குத் திரும்பியது, பழைய கட்டுரைகளும் வந்தன. எழுத்தில் தலையிட மாட்டோம் என்று உறுதி சொல்லப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் கன்சில்லா 'ஆஃப் தி கிரிட்' என்ற ஆட்டத்தைச் செய்கிற நிறுவனம். முன்பு விற்கிறவன் வீடு, இப்போது செய்கிறவன் வீடு. அந்த ஆட்டத்துக்கு ஒருவர் மதிப்பெண் போட, ஓரத்துப் பெட்டியில் இன்னொருவர் வேறு மதிப்பெண் போட முடியுமா என்று நண்பரிடம் கேட்டேன். 'ஏழு போடுவாங்கய்யா' என்றார்.